2022 நெருக்கடியில் உங்கள் வீட்டுக் கடனுக்கும் சேமிப்புக்கும் என்ன நடந்தது?

வெள்ளவத்தையிலிருந்து:

2022 ஏப்ரல் 8 ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை (வங்கிகளின் வட்டிகளுக்கு அடிப்படையானவை) ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, எரிவாயு வரிசையில் நின்ற எனக்கு அது பொருளியலாளர்களின் விடயமாகவே பட்டது. என் வீட்டுக் கடனின் வட்டி சந்தையோடு சேர்ந்து மாறும் என்ற வாசகம் ஒப்பந்தத்தின் உள்ளே எங்கோ கிடந்தது. ஒக்டோபரில் கடிதம் வந்தது. மிகுதி 60 இலட்சம், இன்னும் 15 வருடங்கள். 10 வீதமாக இருந்த வட்டி 24 வீதமாகி, ஏறத்தாழ 64,500 ரூபாயாக இருந்த மாதத் தவணை 123,500 ரூபாயாகியிருந்தது.

தவணையைப் பழையபடி விட்டுக் காலத்தை நீட்டித் தரும்படி வங்கியில் கேட்டேன். அங்கிருந்த உத்தியோகத்தர் கணக்கியை என் பக்கம் திருப்பினார்: 60 இலட்சத்துக்கு ஒரு மாத வட்டியே 120,000 ரூபாய். ஆகவே பழைய தவணையை எத்தனை வருடம் கட்டினாலும் கடனின் முதற்தொகையில் ஒரு சதமும் குறையாது, கடன் வளர்ந்துகொண்டே போகும். இத்தனை காலம் கட்டியும் இந்தக் கணக்கை நான் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை.

நவம்பரில் அப்பாவின் 20 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பு முதிர்ந்தது. அதைக் கட்டிக் கடனைக் குறைப்போம் என்றேன். அவரோ அதை 24 வீதத்துக்கு ஒரு வருடம் திரும்பப் போட்டு, மாத வட்டியான 40,000 ரூபாயை என் தவணைக்குத் தருவதாகச் சொன்னார். (ஜனவரியிலிருந்து 5 வீத வரி போக 38,000 தான்.) கடனில் கட்டியிருந்தாலும் தவணை 41,000 அளவில்தான் இறங்கியிருக்கும், அப்படியானால் வித்தியாசம் என்ன என்று வாதாடினேன். “வங்கிக்குக் கட்டின காசை அந்தரத்துக்குத் திருப்பிக் கேட்க ஏலுமோ?” என்றார். அவருடைய வட்டி ஒரு வருடத்துக்கு அசையாது, என்னுடையது இறங்கவும் கூடும் என்பதையும் அவர் யோசித்திருந்தார். 2023 ஜூனில் மத்திய வங்கி வீதங்களைக் குறைக்கத் தொடங்கியபோது அதுவே நடந்தது.

ஆனால் அதே ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை வங்கிகள் ஐந்து நாட்கள் மூடியிருந்தபோது, அரசாங்கம் தன் கடனைச் சீரமைக்க வைப்புகளிலும் கை வைக்கப்போகிறது என்ற வதந்தியால் அப்பா சரியாக உறங்கவில்லை. வைப்புகள் தப்பின. அந்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் சுமை, என்னைப் போன்ற ஊழியர்களின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியம் வைத்திருந்த திறைசேரி முறிகளில் (அரசாங்கக் கடன் பத்திரங்களில்) விழுந்தது. அதாவது அப்பாவின் சேமிப்பில் அல்ல, என்னுடையதில்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அண்ணா, எங்கள் வீட்டில் வங்கிக் கடன் இல்லை, சீட்டும் அடகும்தான். 2022 ஜனவரியில் 20 பேர் சேர்ந்து மாதம் 5,000 ரூபாய்ச் சீட்டுத் தொடங்கினோம். சேமிப்பாக இருக்கட்டும் என்று கடைசிச் சீட்டை நானே கேட்டு வாங்கினேன். முதற்சீட்டை எடுத்தவர் அந்த 100,000 ரூபாயில் ஒரு தையல் இயந்திரம் வாங்கினார். 2023 ஓகஸ்டில் அதே 100,000 என் கைக்கு வந்தபோது, அதே இயந்திரத்துக்குக் கடைக்காரர் ஏறத்தாழ இரட்டிப்பு விலை சொன்னார். ஒருவரும் ஏமாற்றவில்லை, ஒருவரும் தவணை தவறவுமில்லை. ஆனாலும் நட்டம் எனக்கு.

அடகு இன்னொரு விதம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட, செட்டியார் தெருவில் பவுண் விலையும் கூடவே ஏறியது. ஏற்கெனவே அடகில் இருந்த என் ஆறு காப்புகளுக்கும் இப்போது கூடுதல் பணம் தரலாம் என்று அடகுபிடிப்பவர் தாமாகவே சொன்னார். பழைய கடனைத் தீர்த்து, அதே காப்புகளைப் புது மதிப்பில் வைத்து, மிச்சத்தில் அரிசியும் பால்மாவும் வாங்கினேன். அன்று அது வரவு போலத் தெரிந்தது. நான்கு காப்புகளை மீட்டுவிட்டேன். மற்ற இரண்டுக்கும் இன்னும் வட்டி கட்டிப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன்.