லோக்கியா, வில்லானியா? நீல நிற நூடிபிராங்குகளைப் (ஓடில்லாக் கடல் நத்தைகள்) பிரிப்பது எப்படி?

அலைமேடு:
பிலிப்பைன்ஸின் அனிலாவோவில் எடுத்த மூன்று படங்கள் கைவசம் உள்ளன. எல்லாமே க்ரோமோடோரிஸ் என்ற பேரினம்: வெளிர்நீல உடல், நீளவாக்கில் கறுப்புக் கோடுகள். முதல் இரண்டுக்கும் மஞ்சள் விளிம்பு இல்லை, மூன்றாவதுக்கு உண்டு. கையேட்டில் லோக்கி, வில்லானி, டயானே என்ற இனங்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. எதை வைத்துப் பிரிப்பது?

பவளப்பாறை:
முதல் இரண்டு படங்களுக்கும் கோடுகளை நம்பாதீங்க. ஒரே இனத்திலேயே நடுக்கோடு முழுசாகவும் வரும், துண்டு துண்டாகவும் வரும். படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, தலையிலுள்ள இரண்டு உணர்கொம்புகளையும் முதுகின் பின்பக்கச் செவுள் கொத்தையும் பாருங்க. இரண்டிலும் உப்புத்தூள் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி இருந்தால் வில்லானி. புள்ளியே இல்லாமல் ஒரே நிறமாக இருந்தால் லோக்கி. கொம்பும் செவுளும் அடியில் வெள்ளை, நுனியில் மஞ்சள் அல்லது ஆரஞ்சு, முதுகிலும் வெள்ளைத் துகள்கள் என்றால் டயானே.

மூன்றாவது படத்துக்கு வேறு சோதனை. நீலப் பரப்பு முழுக்க நுண்ணிய கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அன்னே இனம். நீலம் சுத்தமாக இருந்து, நடு முதுகிலும் கறுப்புக் கோடு ஓடினால் எலிசபெத்தினா இனத்தின் பக்கம் பாருங்க.

அலைமேடு:
நன்றி. மூன்றாவது அன்னேதான், கறுப்புப் புள்ளிகள் தெளிவு. முதல் படத்தில் செவுளில் வெள்ளைப் புள்ளி இருக்கிறது. இரண்டாவதில் கொம்பு ஸ்ட்ரோப் (ஃபிளாஷ்) வெளிச்சத்தில் வெளுத்துக் கிடக்கிறது.

மேக்ரோகண்:
வெளுத்த இடத்தில் புள்ளி இருந்தாலும் தெரியாது. ரா ஃபைல் (கேமராவின் மூலக்கோப்பு) இருந்தால் ஹைலைட்டை, அதாவது மிகப் பிரகாசமான பகுதியை, குறைத்துப் பாருங்க. அப்படியும் விவரம் வரவில்லை என்றால் அந்தப் படத்தை வைத்து லோக்கி என்று முடிவு கட்டக் கூடாது. முதல் படத்திலும் ஒரு சந்தேகம்: தண்ணீரில் மிதக்கும் தூசியும் வெள்ளைப் புள்ளியாகத்தான் பதியும். அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிடுங்க. தூசி இடம் மாறும், வில்லானியின் புள்ளி அதே இழையில் நிற்கும். இனிமேல் எடுக்கும்போது பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, செவுளுக்கு மட்டும் ஃபோகஸ் வைத்து ஒன்று; ஸ்ட்ரோப் சக்தியை ஒரு படி குறைத்தும் எடுத்துவிடுங்க. செவுள் உள்ளே இழுத்திருந்தால் கொஞ்சம் காத்திருங்க, தொடாதீங்க.

பவளப்பாறை:
இன்னொன்று. 2018இல் வந்த மரபணு ஆய்வின்படி, இந்தப் பேரினத்தில் ஒரே இனம் பல நிறக்கோலங்களில் வருகிறது. வேறு வேறு இனங்களும் ஒரே கடலில் ஒன்றைப் போல ஒன்று உடுத்திக்கொள்கின்றன. அதனால் இரண்டாவது படத்தை "லோக்கியைப் போன்றது" என்று குறித்து, இடம், ஆழம், தேதி மூன்றையும் சேர்த்துப் பதிவேற்றுங்க.