சாயக்கழிவுநீர்க் கிணறுகளின் அளவீட்டுக்கு லோராவான் கேட்வே: 14 முனைகளில் மூன்று சரியாகப் பேசவில்லை

கேள்வி: நொய்யல்கரை

வணக்கம். திருப்பூரில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் மின்சாரம், கருவிகள் இரண்டின் பராமரிப்பும் என் பொறுப்பு. உறுப்பினர்களான சாயப்பட்டறைகளின் கழிவுநீர் வழியில் 14 சேகரிப்புக் கிணறுகளில் சேர்ந்து, அங்கிருந்து பம்ப் மூலம் நிலையத்துக்கு வருகிறது. கழிவுநீர் துளியும் வெளியேறாத நிலையை எட்டாத பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை இங்குள்ள எவரும் மறக்கவில்லை. ஒரு கிணறு நிரம்பி வழிந்து நீர் ஆற்றை நோக்கிப் போனால், அதைச் சாதாரணப் பராமரிப்புக் கோளாறு என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள், விட்டுவிடவும் கூடாது.

இதுவரை இரவுப் பணியாளர் ஒருவர் மொபெட்டில் கிணறு கிணறாகச் சென்று, மூடியைத் திறந்து, டார்ச் அடித்து மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதி வருகிறார். கழிவுநீர்க் கிணற்றின் வாயில் தனியாக ஒருவரைக் குனிய வைப்பது எனக்கு நெடுநாள் உறுத்தலாகவே இருந்தது. இந்த வேலையை நான் எடுத்ததற்கு முதல் காரணம் அதுதான்.

இப்போதைய அமைப்பு இது. ஒவ்வொரு கிணற்றிலும் நீர்மட்டத்தை 4–20 மில்லியாம்ப் மின்னோட்டமாகச் சொல்லும் லெவல் டிரான்ஸ்மிட்டரும், நீரோட்டத்தை அளக்கும், மாட்பஸ் ஆர்.டி.யூ. என்ற தொழில்துறைத் தரவு நெறிமுறை வழியே படிக்கக்கூடிய மேக்னடிக் ஃப்ளோ மீட்டரும், இரண்டையும் படித்து, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும் லோராவான் ரேடியோ வழியாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் நோடும் (முனைக் கருவி) இருக்கின்றன. நோடுகள் அனுப்புவதை வாங்கும் எட்டு சேனல் கேட்வே அலுவலக அறைக்குள் உள்ளது. ஆன்டெனா மொட்டை மாடியில், தரையிலிருந்து 9 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் இடையே 15 மீட்டர் ஆர்.ஜி.58 கேபிள் ஓடுகிறது. கேட்வே 4ஜி சிம் வழியாக வெளியில் உள்ள ஒரு சர்வருக்குத் தரவை அனுப்புகிறது.

பதினொரு கிணறுகள் ஒழுங்காக வருகின்றன. 6-ஆம் கிணறு ஒருமுறைகூட நெட்வொர்க்கில் சேரவில்லை. 9-ஆம் கிணறு 400 மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் பாதித் தகவல்களை இழக்கிறது. 14-ஆம் கிணறு 2.3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதிலிருந்து எப்போதாவதுதான் ஏதேனும் வருகிறது, வரும்போது எஸ்.என்.ஆர். (இரைச்சலோடு ஒப்பிட்ட சமிக்ஞை வலிமை) மைனஸ் 18 டெசிபெல் என்கிறது. இவை தவிர, 3-ஆம் கிணற்றின் ஃப்ளோ மீட்டர் தன் திரையில் மணிக்கு 47.3 கன மீட்டர் என்று காட்டும்போது, எங்கள் டேஷ்போர்டில் 0.00000004 என்று விழுகிறது. சிம் தொடர்பு அறுந்துவிட்டால் அந்த நேரத்துத் தரவு பிறகு எங்குமே கிடைப்பதில்லை. கேட்வேயை வீட்டிலிருந்து பார்க்க நிலையான ஐ.பி. முகவரி வாங்க வேண்டுமா என்பதையும், மட்டம் ஏறினால் பட்டறைப் பக்கத்துப் பம்பை இதே லோராவான் வழியாக நிறுத்தலாமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: அலைக்கம்பம்

நீங்கள் சொன்ன மூன்று கிணறுகளுக்கும் நோய் ஒன்றாக இருக்காது என்று நினைக்கிறேன். ஆகவே மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

6-ஆம் கிணற்றில் முதலில் நோடின் மண்டல அமைப்பைப் பாருங்கள். இந்தியாவில் உரிமம் இன்றி இதற்குப் பயன்படுத்தும் அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். லோராவானின் இந்திய அமைப்பில் நெட்வொர்க்கில் சேர்வதற்கான மூன்று சேனல்கள் 865.0625, 865.4025, 865.985 ஆகியவை. ஐரோப்பிய அமைப்பில் வரும் நோடு 868.1, 868.3, 868.5 ஆகியவற்றில் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்; உங்கள் கேட்வே அங்கே காது கொடுக்கவே இல்லை. ஒரே மாதிரி எண் கொண்ட நோடுகள் வெவ்வேறு தொகுப்பில் வாங்கப்படும்போது இப்படி ஒன்று கலந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அமைப்பு சரியாக இருந்தால், அடுத்ததாக நெட்வொர்க்கில் சேர்வதற்கான ரகசியக் குறியீடான அந்த நோடின் சேர்க்கைச் சாவியைச் சர்வரில் பதிந்ததோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள்.

9-ஆம் கிணறு இவ்வளவு அருகில் இருந்தும் தடுமாறுகிறது என்றால், நோடு எஃகுப் பேனலுக்குள் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது. குட்டை ரப்பர் ஆன்டெனாவோடு நோடை இரும்புப் பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடினால், அலை கேஸ்கெட் இடுக்கு வழியாகக் கசிவதைத்தான் நாம் நம்பியிருக்கிறோம். அதே பேனலில் பம்பின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. இருந்தால் அதன் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். ஆன்டெனாவைப் பேனலுக்கு வெளியே, கூரை விளிம்புக்கு மேலே ஒரு குழாயில் ஏற்றுங்கள், நோடையும் வி.எஃப்.டி. இல்லாத தனிப் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றிவிடுவது நல்லது.

14-ஆம் கிணற்றுக்குத்தான் உண்மையான உழைப்பு தேவை. லோராவில் எஸ்.எஃப். என்பது தகவல் எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதன் அளவு; எண் கூடினால் வேகம் குறையும், எட்டும் தூரம் கூடும். எஸ்.எஃப்.7-க்கு எஸ்.என்.ஆர். மைனஸ் 7.5 வரையிலும், எஸ்.எஃப்.12-க்கு மைனஸ் 20 வரையிலும் தகவலைப் பிரித்தெடுக்க முடியும். ஆகவே மைனஸ் 18 என்பது கிணற்றின் விளிம்பில் நிற்பது போன்றது. ஒரு லாரி குறுக்கே நின்றாலும் தொடர்பு போய்விடும். 2.3 கிலோமீட்டர் பாதையின் நடுப்பகுதியில், 866 மெகாஹெர்ட்ஸ் அலை நேர்கோட்டைச் சுற்றிப் பரவிச் செல்லும் ஃப்ரெனல் மண்டலத்தின் ஆரம் ஏறத்தாழ 14 மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது, அதாவது எட்டரை மீட்டராவது, தடையின்றி இருக்க வேண்டும். உங்கள் ஆன்டெனா 9 மீட்டரிலும் நோடு 2 மீட்டரிலும் இருந்தால் நடுவில் நேர்கோடு ஐந்தரை மீட்டர் உயரத்தில் போகிறது. பட்டறைகளின் தகரக் கூரைகளே அதை மறைத்துவிடும்.

கேபிளையும் கவனியுங்கள். ஆர்.ஜி.58 இந்த அலைவரிசையில் 15 மீட்டருக்குச் சுமார் 7 டெசிபெல் விழுங்கிவிடும். ஆன்டெனா பிடித்துத் தந்த சமிக்ஞையில் ஐந்தில் ஒரு பங்குதான் கேட்வேக்கு வந்து சேர்கிறது. கேட்வே வெளிப்புறத்துக்கான ஐ.பி.67 வகையாக இருந்தால் அதையே உயரத்துக்குக் கொண்டுபோய், ஆன்டெனாவுக்கு இழப்பு குறைந்த எல்.எம்.ஆர்.400 கேபிள் ஒரு மீட்டர் போட்டு, கீழிருந்து பி.ஓ.இ. மூலம் கேட்.6 கேபிளில் மின்சாரத்தையும் தரவையும் சேர்த்து அனுப்புங்கள். 100 மீட்டர் வரை கவலை இல்லை. உங்கள் நிலையத்தில் மேல்நிலைத் தொட்டி கட்டாயம் இருக்கும், அதன் உச்சிதான் சரியான இடம். அங்கே இடிதாங்கி இருந்தால் அதன் முனைக்குக் கீழே, அதன் பாதுகாப்புக்குள் ஆன்டெனா இருக்க வேண்டும். ஆன்டெனா கேபிளில் மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் ஒரு சர்ஜ் அரெஸ்டரையும் கேட்.6-இன் இரு முனைகளிலும் பி.ஓ.இ. சர்ஜ் காப்பையும் போட்டு, எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் இணையுங்கள். ஆன்டெனாவை மாட்டாமல் கேட்வேக்கு மின்சாரம் கொடுக்க வேண்டாம். அனுப்பும் பகுதி பழுதாகலாம்.

ஒரு துணைச் செய்தி. 20 பைட் தரவு எஸ்.எஃப்.7-இல் காற்றில் இருப்பது சுமார் 72 மில்லிவினாடி, எஸ்.எஃப்.12-இல் அதுவே 1.8 வினாடி. நோடுக்கு மின்கலம் மட்டுமே ஆதாரம் என்றால் இந்த 25 மடங்கு வேறுபாடு அதன் ஆயுளை நேரடியாகத் தின்னும். வேகத்தைத் தானே சரிசெய்யும் ஏ.டி.ஆர். வசதியை எல்லா நோடுகளிலும் இயக்கி வையுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் கேட்வேயிடமிருந்து ஒப்புகை கேட்கும்படி நோடுகளை அமைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். உங்களுடையது போன்ற கேட்வேக்கள் பெரும்பாலும் ஒப்புகை அனுப்பும் நேரத்தில் வேறு எதையும் கேட்க முடியாமல் இருக்கின்றன.

பதில் 2: பதிவேடு485

3-ஆம் கிணற்றின் 0.00000004 என்ற எண்ணே நோயைச் சொல்லிவிடுகிறது. 47.3 என்ற மதிப்பை 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக மீட்டர் இரண்டு பதிவேடுகளில் வைக்கிறது. பதின்ம எண்ணில் சொன்னால் உயர்பகுதி 16957, தாழ்பகுதி 13107. உங்கள் மீட்டர் தாழ்பகுதியை முதலில் அனுப்புகிறது, நோடு அதை உயர்பகுதி என்று எடுத்துக்கொள்கிறது. அப்படி மாற்றிப் படித்தால் கிடைக்கும் மதிப்பு 0.0000000417, நீங்கள் பார்த்ததும் அதுவேதான். நோடின் அமைப்பிலோ, வந்த தரவை எண்ணாக மாற்றும் சர்வரின் டீகோடரிலோ இந்த இரு பகுதிகளின் வரிசையை மாற்றினால் சரியாகிவிடும். மற்ற 13 மீட்டர்களும் இதே தயாரிப்பு என்றால் அவற்றுக்கு ஏன் இது வரவில்லை என்பதையும் பாருங்கள்; இந்த ஒன்றில் மட்டும் யாரோ மீட்டர் மெனுவில் வரிசையை மாற்றியிருக்கலாம், அப்படியானால் அங்கேயே திருத்துவதுதான் முறை. டீகோடரில் ஒரு கிணற்றுக்கு மட்டும் விதிவிலக்கு எழுதி வைத்தால், மூன்று ஆண்டு கழித்து மீட்டரை மாற்றுகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

இதே வேளையில் மீட்டரையும் நோடையும் இணைக்கும் ஆர்.எஸ்.485 கம்பியையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரு கம்பிகளுக்கும் இடையே மல்டிமீட்டரில் அளந்தால், இரு முனைகளிலும் 120 ஓம் டெர்மினேட்டர் (முடிவுத் தடை) இருக்கும்போது ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

லெவல் டிரான்ஸ்மிட்டரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அவை அல்ட்ராசோனிக் வகையாக இருந்தால், சூடான சாயக்கழிவின் ஆவியும் நுரையும் அவற்றை ஏமாற்றும். கிணறு நிரம்பும்போது நுரையில் எதிரொலி தொலைந்து, கருவி பழைய மதிப்பையே பிடித்து வைத்திருப்பதுதான் இதில் மிகக் கெட்ட நிலை. டேஷ்போர்டில் எல்லாம் அமைதியாகத் தெரியும். எதிரொலி தொலைந்தால் 3.6 மில்லியாம்புக்குக் கீழோ 21-க்கு மேலோ போகும்படி அமைத்து, அந்த எல்லைகளை நோடில் கோளாறு என்று அடையாளம் காட்டுங்கள். 4 மில்லியாம்ப் என்பது காலிக் கிணறு, சுழி மில்லியாம்ப் என்பது அறுந்த கம்பி; இரண்டையும் ஒரே சுழியாக டேஷ்போர்டில் காட்டவே கூடாது.

பதில் 3: இரவுப்பணி

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் தவறு நேர்ந்தால் மற்றவை சரியாக இருந்தும் பயனில்லை. பம்பை நிறுத்தும் வேலையை இந்த ரேடியோவிடம் கொடுக்காதீர்கள். பெரும்பாலான நோடுகள் லோராவானின் ஏ வகுப்பைச் சேர்ந்தவை. அவை தாமாக ஒன்றை அனுப்பிய பிறகு, ஒரு வினாடி கழித்தும் இரண்டு வினாடி கழித்தும் சிறிது நேரம் மட்டுமே கேட்கும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் நோடுக்கு நீங்கள் இடும் கட்டளை 10 நிமிடம் வரை சர்வரில் காத்திருக்கும், அதன் பிறகும் போய்ச் சேரும் என்று உறுதி இல்லை. கிணறு நிரம்பினால், அதில் மிதக்கும் ஃப்ளோட் சுவிட்ச் கம்பி வழியாகப் பம்பின் மின்சாரத்தை வெட்டும் கான்டாக்டரையும் அங்கேயே அலறும் ஹூட்டரையும் நேரடியாக இயக்க வேண்டும். ரேடியோ அதைச் செய்தியாகச் சொன்னால் போதும். உள்ளே வரும் நீர் பட்டறையின் பம்பிலிருந்து வருகிறது, அது தொலைவில் இருக்கிறது என்றால், அங்கே வரை ஒரு கம்பி இழுப்பதற்கான செலவை நிர்வாகத்திடம் போராடியாவது வாங்குங்கள்.

அடுத்தது சிம். பொதுவாகக் கேட்வேக்களில் ஓடும் பழைய யு.டி.பி. பாக்கெட் ஃபார்வர்டர் என்ற மென்பொருள் 1700-ஆம் போர்ட்டில் தரவை எறிந்துவிட்டு மறந்துவிடும். இணையம் இல்லாத நேரத்தில் வந்தவை போனவைதான். உங்கள் கட்டுப்பாட்டு அறை அதே வளாகத்தில் இருக்கும்போது, அதன் திரை ஒரு மொபைல் கோபுரத்தை நம்பி இருக்க வேண்டிய தேவையே இல்லை. கட்டுப்பாட்டு அறையில் ஒரு சிறிய தொழில்துறைக் கணினியை வைத்து, அதில் சர்ப்ஸ்டாக் போன்ற திறந்த மூல நெட்வொர்க் சர்வரையும் தரவுத்தளத்தையும் நிறுவி, கேட்வேயை ஈத்தர்நெட் மூலம் அதோடு இணைத்துவிடுங்கள். வெளி சர்வருக்குப் போக வேண்டியதை அந்தக் கணினி சேமித்து வைத்து, தொடர்பு வந்ததும் எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி நெறிமுறை வழியாக 8883-ஆம் போர்ட்டில் மறையாக்கத்தோடு அனுப்பட்டும். கேட்வேக்கும் கணினிக்கும் ஒரே யு.பி.எஸ். இருந்தால் இரவு மின்தடையிலும் கிணறுகளின் மட்டம் திரையில் தெரியும். நோடுகளுக்கும் மின்கல ஆதாரம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பம்ப் நின்று கிணறு நிரம்புவது மின்தடையின்போதுதான்.

நிலையான ஐ.பி. வாங்க வேண்டாம். மொபைல் சிம்மில் பொதுவாக நமக்கெனத் தனி முகவரி கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கேட்வேயின் நிர்வாகப் பக்கத்தை உலகத்துக்கே திறந்துவைப்பது ஆபத்து. கணினியிலிருந்து வெளியே போகும் வயர்கார்டு வி.பி.என். (மறையாக்கிய தனிப்பாதை) ஒன்றைப் போட்டு அதன் வழியாக மட்டும் உள்ளே வாருங்கள். தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள்.

இந்த வலையமைப்பை உங்கள் உள்பயன்பாட்டோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டுகிறேன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2014 உத்தரவைத் தொடர்ந்து வாரியத்துக்கு நேரடியாகச் செல்லும் இணையவழிக் கண்காணிப்புத் தரவுக்குத் தனிப் பாதை உண்டு. அதற்கும் இதற்கும் இடையே எந்தக் கம்பியும் போகாமல் இருந்தால், பின்னாளில் யாரும் தரவின் நேர்மையைக் கேள்வி கேட்க இடம் இருக்காது.

நொய்யல்கரை (மூன்று வாரம் கழித்து)

மூவருக்கும் நன்றி. 6-ஆம் கிணற்றின் நோடு ஐரோப்பிய அமைப்பில்தான் இருந்தது; மாற்றிய இரண்டாவது நிமிடத்தில் சேர்ந்துவிட்டது. 9-ஆம் கிணற்றில் வி.எஃப்.டி.க்கு ஒரு சாண் தூரத்தில், கதவு மூடிய பேனலுக்குள் நோடு கிடந்தது. இப்போது ஆன்டெனா கூரைக்கு மேலே இருக்கிறது, இழப்பு நின்றுவிட்டது. கேட்வேயை மேல்நிலைத் தொட்டியில் 22 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினோம், 14-ஆம் கிணற்றின் ஆன்டெனாவையும் 4 மீட்டருக்கு உயர்த்தினோம். எஸ்.என்.ஆர். மைனஸ் 9-க்கு வந்துவிட்டது, நோடு தானாகவே எஸ்.எஃப்.10-க்கு இறங்கியிருக்கிறது. 3-ஆம் கிணற்றின் மீட்டர் மெனுவில் வரிசை மாறியிருந்தது உண்மைதான்.

கட்டுப்பாட்டு அறைக் கணினி வந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஃப்ளோட் சுவிட்ச் ஒன்பது கிணறுகளில் முடிந்தது, ஐந்து பாக்கி. அந்த ஐந்தும் முடியும் வரை இரவுச் சுற்று தொடர்கிறது, ஆனால் இருவராகச் செல்கிறார்கள், மூடியைத் திறப்பதில்லை. வெளியில் வைத்துள்ள காட்டியை மட்டும் படிக்கிறார்கள். ஒரே ஓர் ஐயம்: 14-ஆம் கிணற்றுப் பாதையில் புதிதாக ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. மூன்று மாடி வந்தால் தொடர்பு போய்விடுமா?

அலைக்கம்பம்

மூன்று மாடி ஏறத்தாழ 10 மீட்டர். உங்கள் நேர்கோடு நடுவில் இப்போது 13 மீட்டரில் போகிறது, ஆகவே முழுவதும் மறையாது, ஆனால் ஃப்ரெனல் மண்டலத்தின் கீழ்ப்பாதியைத் தின்னும், எஸ்.என்.ஆர். சில டெசிபெல் இறங்கி, நோடு மறுபடி எஸ்.எஃப்.11-க்கோ 12-க்கோ ஏறும். வாரந்தோறும் அந்த மதிப்பைக் குறித்து வாருங்கள். மைனஸ் 15-ஐத் தொட்டால் 14-ஆம் கிணற்றின் பக்கத்திலேயே இன்னொரு சிறிய கேட்வேயை வைப்பது, கம்பத்தை மேலும் உயர்த்துவதைவிட மலிவாக முடியும். கட்டடம் கூரை போடும் முன்பே அதற்கான மின் இணைப்பை அங்கே எடுத்து வைத்துவிடுங்கள்.