கலைச்சொல்: அகவணிக்குச் ‘சுவர்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

ரத்தக் குழாயின் உட்புறச் செல்லடுக்கு குழாயில் உள்ளதை வெளியே கசியவிடாமல் காக்கும் வேலையைக் குறிக்கும் ‘எண்டோதீலியல் பேரியர் ஃபங்ஷன்’ என்பது நம் கலைச்சொல் பட்டியலில் ‘அகவணித் தடுப்புச்சுவர்ப் பணி’ என்று ஏறியிருக்கிறது. மாற்றவேண்டும் என்பது என் கருத்து. ‘அகவணி’யில் சிக்கல் இல்லை, ரத்தக் குழாயின் உட்புறத்தில் ஓரடுக்காகப் படிந்திருக்கும் செல்களுக்கு அது பொருத்தமான பெயர். சிக்கல் ‘சுவர்’தான்.

ரத்தக் குழாய்க்கு உண்மையாகவே ஒரு சுவர் உண்டு. அகவணி, தசையடுக்கு, வெளியுறை மூன்றும் சேர்ந்தது அது. அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடலாம். இதைவிடப் பெரிய காரணம், நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த டெங்கி. காய்ச்சல் இறங்கும் தறுவாயில், பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையே, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குழாயைவிட்டு வெளியேறத் தொடங்குகிறது. ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விழுக்காடு) 40இலிருந்து 48க்குப் போனால் அது 20 விழுக்காடு உயர்வு; கணிசமான கசிவு. ஆனால் 24 முதல் 48 மணி நேரத்தில் கசிவு நின்று, வெளியேறிய நீர் குழாய்க்குள் திரும்புகிறது. அப்போதும் டிரிப்பைக் குறைக்காமல் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இடிந்த சுவர் இரண்டு நாளில் எழும்பாது. இங்கே செல்கள் பெருவாரியாகச் சாவதில்லை; ஒன்றையொன்று பற்றியிருந்த பிடி தளர்கிறது, பிறகு இறுகுகிறது.

பிடித்திருப்பது விஇ-கேட்ஹீரின் என்ற புரதம். செல்லுக்கு வெளியே நீளும் அதன் ஐந்து கண்ணிகளைக் கால்சியம் விறைப்பாக வைத்திருப்பதால் அவை பக்கத்துச் செல்லின் கண்ணிகளோடு கோத்துக்கொள்கின்றன. உட்பக்க வாலில் பி120-கேட்டனின் என்ற துணைப்புரதம் ஒட்டியிருக்கும்வரை கேட்ஹீரின் செல்லின் பரப்பிலேயே நிற்கும்; அது விலகினால் செல் கேட்ஹீரினை உள்ளே விழுங்கிவிடும். வாலின் கடைசியில் பீட்டா-கேட்டனினும், அதன்வழி ஆல்ஃபா-கேட்டனினும் செல்லின் உட்சட்டகமான ஆக்டின் இழைகளோடு தொடர்பு வைக்கின்றன. இந்தப் பிடியைத் தளர்த்த இரண்டு முக்கிய வழிகள். ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தூண்டும் புரதமான விஇஜிஎஃப் வந்தால் சார்க் என்ற நொதி கேட்ஹீரினில் பாஸ்பேட்டை ஏற்றி, அதை உள்ளே இழுக்க வழி செய்கிறது. ரத்தம் உறைய உதவும் திராம்பின் வந்தால் ரோ-ஏ என்ற சமிக்ஞைப் புரதத்தின் மூலம், இழைகளை இழுக்கும் மையோசின் முறுக்கேறி, ஆக்டின் இழைகள் செல்லையே உள்நோக்கி இழுக்கின்றன. முதலாவதில் கேட்ஹீரின் என்ற கொக்கி போகிறது. இரண்டாவதில் கொக்கி இருந்தும் இழுவை வெல்கிறது.

எனவே ‘கசிவுக்காப்பு’ என்று வைக்கலாம். ‘கசிவுக்காப்புக் குலைவு’, ‘கசிவுக்காப்பு மீட்சி’ என்று தொடர்களும் எளிதில் அமையும்.

—

வணக்கம். எனக்குப் பாதி உடன்பாடுதான்.

‘மின்காப்பு’, ‘நீர்க்காப்பு’ என்றால் ஒரு துளியும் விடாதது என்று பொருள். நுண்குழாயோ நீரையும் உப்பையும் குளுக்கோஸையும் எந்நேரமும் விட்டுக்கொண்டேயிருக்கிறது. அது பெரும்பாலும் தடுத்து வைப்பது அல்புமின் போன்ற பெரிய புரதங்களை. மூளையின் நுண்குழாய்கள் இன்னும் கெடுபிடியானவை. அங்கேகூட, செல்களின் இடைவெளியை அடைக்கும் கிளாடின்-5 என்ற புரதம் இல்லாத எலிகளில் ஏறத்தாழ 800 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) குறைந்த மூலக்கூறுகள்தாம் கசிந்தன. அதற்கு மேற்பட்டவை நின்றுவிட்டன. ஆகவே ‘கசிவு’ என்பதை அடங்காத போக்குக்கு மட்டும் வைத்து, இயல்பான போக்குக்கு ‘ஊடுகடப்பு’ என்று தனிச்சொல் தந்தால் உங்கள் சொல்லை ஏற்கிறேன். செல்களுக்கு இடையே கடக்கும் வழிக்குச் ‘செல்லிடை வழி’, செல்லுக்குள் புகுந்து கடக்கும் வழிக்குச் ‘செல்லூடு வழி’ போதும்.

‘பேரியர்’ என்பதற்குத் ‘தடை’ என்ற சொல் வேண்டவே வேண்டாம். ஆய்வகத்தில் இதை அளப்பதே மின்தடையை வைத்துத்தான். இரண்டும் ஒரே வாக்கியத்தில் மோதும். செல் வளர்த்த செருகுதட்டில் (நுண்துளைச் சவ்வு கொண்ட வளர்ப்புத் தட்டு) 180 ஓம், வெறும் தட்டில் 120 ஓம் என்றால் மிச்சம் 60. அதைத் தட்டின் பரப்பான 0.33 சதுர செ.மீ. ஆல் பெருக்கினால் சுமார் 20 ஓம்·செ.மீ². வகுக்கக் கூடாது. மாணவர் அறிக்கைகளில் ‘ஓம்/செ.மீ²’ என்று வருவதற்கு ‘ஒரு சதுர செ.மீ.க்கு இத்தனை ஓம்’ என்ற மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். தட்டு குளிர்ந்திருந்தால் எண் பொய்யாக ஏறும். எல்லாத் தட்டுகளும் ஒரே வெப்பநிலைக்கு வந்தபின் அளக்கவேண்டும். இன்னொரு கேடு, கால்சியம் இல்லாத பஃபரில் கழுவுவது. கேட்ஹீரின் சில நிமிடங்களில் பிடியை விடும். பழி சோதிக்கும் மருந்தின்மேல் விழும்.

செல்கள் இணையும் இடங்களுக்கான ‘இறுக்கச் சந்தி’ (டைட் ஜங்ஷன், கிளாடின் உள்ளது), ‘ஒட்டுச் சந்தி’ (அட்ஹீரன்ஸ் ஜங்ஷன், கேட்ஹீரின் உள்ளது) இரண்டும் இருக்கட்டும். ஆனால் பட்டியலின் விளக்கத்தில் ‘மேலே இறுக்கச் சந்தி, அதன் கீழே ஒட்டுச் சந்தி’ என்று எழுதியிருப்பதை நீக்குங்கள். அது ஃபார்குவாரும் பலாடேயும் என்ற ஆய்வாளர்கள் 1963இல் எபிதீலியத்தில் (குடல் போன்ற உறுப்புகளின் மேலடுக்குச் செல்கள்) விவரித்த ஒழுங்கு. அகவணியில் இரண்டும் கலந்தே கிடக்கும். அங்கே இடத்தைவிடக் காலம்தான் முக்கியம்: கேட்ஹீரின் கூடிப் பிடித்த பிறகே கிளாடின்-5 மரபணு முழுவீச்சில் இயங்குகிறது.

புரதப் பெயர்களைத் தமிழாக்க யாரும் கிளம்பவேண்டாம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

—

இருவருக்கும் நன்றி. ‘கசிவுக்காப்பு’, ‘ஊடுகடப்பு’ இரண்டையும் மாணவர் பட்டியலில் ஏற்றுகிறேன். ‘பிளட்-பிரெய்ன் பேரியர்’ என்பதற்கான ‘மூளைக்குருதித் தடுப்பு’ பழகிவிட்டதால் அதைத் தொடவில்லை.

பலதுறை மருந்தகத்துக்கான டெங்கித் துண்டறிக்கையில் இந்தச் சொற்கள் எதுவும் வராது. “ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயிலிருந்து கசிகிறது” என்று ஒரு வரி; அதற்கடுத்து, “காய்ச்சல் விட்டபின் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.” இதில் ‘காய்ச்சல் விட்டபின்’ மட்டும் தடித்த எழுத்தில் வரும். காய்ச்சல் போனால் நோயும் போயிற்று என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.