தாத்தா ஸ்பெஷல் கான்ஸ்டபிள் (எஸ்.சி.), அவர் தம்பி நாடு கடத்தப்பட்டவர்: உங்கள் வீட்டிலும் இப்படி உண்டா?

பட்டர்வொர்த் பேரன்:

அப்பா வழித் தாத்தா டாரூராட் காலத்தில், அதாவது மலாயா அவசரகாலத்தில், எஸ்.சி.யாக இருந்தவர். ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என்று முழுசாக யாரும் சொன்னதில்லை, தோட்டத்தில் ‘எஸ்.சி.க்காரர்’தான். பதிவேட்டில் போலீஸ், பார்த்தது சிப்பாய் வேலை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் கம்யூனிஸ்டுகள் மூன்று வெள்ளைக்காரத் துரைமாரைச் சுட்டுக் கொன்றதும் அவசரகாலம் வந்தது, தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க ஆள் எடுத்தார்கள். 1950களின் தொடக்கத்தில் எஸ்.சி.க்கள் 40,000 பேரை ஒட்டி இருந்தார்கள். பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். நம்மவர்களும் இருந்தார்கள் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

தாத்தா கெடாவில், சுங்கை பட்டாணிப் பக்கத்துத் தோட்டம். 1947-இல் அந்தப் பக்கம் ஏ.எம்.சாமி தலைமையில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை நடந்ததைப் பெரியவர்கள் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கள்ளுக்கடை மறியல், கையில் கம்பு, வரிசையாக நடை. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், ஐ.என்.ஏ.வில், பழகிய நடை அது. தாத்தாவும் அவர் தம்பியும் ஒரே வரிசையில் நடந்தவர்கள். அடுத்த வருசமே ஒருவர் துப்பாக்கி பிடித்தார், இன்னொருவர் தொழிற்சங்கத்தோடு நின்றார்.

தாத்தா ஏன் அந்தப் பக்கம் போனார் என்பதற்கு வீட்டில் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, வயிற்றுப்பாடு. இன்னொன்று, ஜப்பான்காரன் சரணடைந்த 1945-இல் மூன்று நட்சத்திரக்காரர்கள் (ஜப்பானை எதிர்த்த கம்யூனிஸ்டுப் படையினர்) காட்டை விட்டு வெளியே வந்து, ‘ஜப்பானுக்கு வேலை பார்த்தவன்’ என்று பலரை விசாரித்துக் கொன்றார்கள். தாத்தாவின் தாய்மாமன் மண்டோராக (மேஸ்திரியாக) இருந்தவர். கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. எனக்கு இரண்டாவது காரணம்தான் பெரிதாகப் படுகிறது. அப்பாவுக்கு முதலாவது.

வேலையைப் பற்றித் தாத்தா சொன்னதில் சண்டை ரொம்பக் கம்மி, ரப்பர்ப் பால்மரம்தான் நிறைய. பால் விடியற்காலைக் குளிரில்தான் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் வெட்டுவாயிலேயே கட்டிக்கொள்ளும். ஆனால் ஊரடங்கு முடியாமல் யாரும் தீம்பாருக்குள் (ரப்பர் மரக்காட்டுக்குள்) கால் வைக்கக் கூடாது, காவலுக்கு எஸ்.சி. வந்தால்தான் மரத்தில் கத்தி. இவர் கொஞ்சம் தாமதித்தால் போதும், பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசையில்) நிற்கிற பெண்கள் விட மாட்டார்களாம்: “மாமா, துப்பாக்கியத் தொடச்சது போதும், எங்க பாலு போச்சு!”

ஒருநாள் போனபோது காட்டில் இருந்தவர்கள் ஒரு நிரை முழுக்கப் பட்டையைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) விழ வேண்டிய பால் அடிமரத்தில் வழிந்து வேர்வரைக்கும் போய், மண்ணும் சருகும் ஒட்டி, இழுத்தால் ரப்பராக வந்ததாம். துரைக்கு நட்டம், சரி. ஆனால் மறுநாள் அந்த நிரையில் சீவ வேண்டியவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? தாத்தா கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டது இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும்தான்.

இப்போது தம்பித் தாத்தா. அவரை நான் பார்த்ததில்லை. 1948-இல் சங்கங்களின் பதிவைப் பறித்து, சங்கத்து ஆட்களை விசாரணையே இல்லாமல் அடைக்க ஆரம்பித்தார்கள். அடைத்தவர்களில் பலரைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். சீனர்களைச் சீனாவுக்கு, நம்மவர்களை இந்தியாவுக்கு. லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு) லாரி வந்த அன்று கேட்டில் காவல் நின்றவர் என் தாத்தா. கேட்டைத் திறந்துவிட்டவரும் அவரே. இதைச் சொன்னது பாட்டி, அதுவும் தாத்தா போன பிறகு. தம்பி லாரியில் ஏறும்போது “அண்ணே, அம்மாகிட்ட சொல்லிடு” என்றாராம். வேறு பேச்சில்லை. சில மாதம் முகாமில் வைத்திருந்து பினாங்குத் துறைமுகத்தில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் பிறந்தது இங்கே, நாகப்பட்டினத்தை அன்றுதான் முதலில் பார்த்திருப்பார்.

அண்ணன் தம்பி கடிதப் போக்குவரத்து கடைசிவரைக்கும் நிற்கவில்லை. மழை, மாடு, கல்யாணம், பணவிடை வந்து சேர்ந்தது என்பதெல்லாம் இருக்கும். லாரி இருக்காது. வீட்டு ஹாலில் தாத்தாவின் காக்கிச் சட்டைப் படம் மட்டும் மாட்டியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இரண்டு பக்கமும் ஆள் இருந்திருக்கிறதா? எழுதுங்கள்.

பழைய பொருள் பித்தன், ஜார்ஜ்டவுன்:

இரண்டு பக்கக் கதை எங்கள் வீட்டில் இல்லை, தம்பி. ஆனால் ஒரு எஸ்.சி.யை நான் லோரோங் கூலிட் பழைய சந்தையில் சந்தித்தேன், தார்ப்பாயில் பரப்பிய சில்லறைக் காசுகளுக்கு நடுவே. பதக்கம். நாடா கிடையாது, மேலே ‘மலாயா’ என்ற பட்டை மட்டும் இருந்தது. ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ், மறுபக்கம் சிறகு முளைத்த பெண் உருவம். இதற்கு ஊதா நாடா, நடுவில் பச்சைக் கோடு வர வேண்டும். பலர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது விளிம்பை. வாங்கியவரின் எண்ணும் பதவியும் பெயரும் அங்கேதான் பொறித்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்பினால் எழுத்து தெரியும், பாலிஷ் போட்டுத் தேய்த்திருந்தால் போச்சு. என்னுடையதில் தெளிவாக ஒரு தமிழ்ப் பெயர்.

வியாபாரி வெள்ளிக்கு என்ன எடை என்று பேசிக்கொண்டிருந்தார். பேரம் பேச மனசு வரவில்லை, கேட்டதைக் கொடுத்து வாங்கிவிட்டேன்.

அப்புறம் லெபு பினாங்கில் தேநீர் குடிக்கும்போது மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் பசியாறிக்கொண்டிருந்த ஒரு முதியவர் கையை நீட்டினார். அவரும் எஸ்.சி.யாம், பேராக் பக்கத்துத் தோட்டம். நகத்தால் விளிம்பைத் தடவிப் பெயரைப் படித்தார். “தெரியாத ஆள். ஆனா இவன் வித்திருக்க மாட்டான். பேரன் வித்திருப்பான்” என்றார்.

அவர் சொன்ன போர்க்கதை இது. மணல்மூட்டைக் காவல். ராத்திரி முள்வேலியில் சத்தம். ஒருவன் சுட்டான், எல்லாரும் சுட்டார்கள், பங்களாவில் துரை கட்டிலுக்கு அடியில். விடிந்து பார்த்தால் காட்டுப் பன்றி. கூட இருந்த மலாய் எஸ்.சி.க்கள் கிட்டவே வரவில்லை, தமிழ் லயமும் சீனக் கடையும் பங்கு போட்டுக்கொண்டன. அறிக்கையில் மட்டும் ‘எதிரி விரட்டப்பட்டான்’ என்று எழுதினார்களாம். சிரித்து முடித்துவிட்டு, சம்பளக் காரோடு காவல் போன கூட்டாளி ஒருவர் வளைவில் வைத்துச் சுடப்பட்டதை ஒரே வரியில் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

செந்துல்காரி:

எங்கள் பாட்டிக்கு எஸ்.சி. என்றாலே கேட்டில் நடக்கும் சோதனைதான். காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போய்ச் சேரக்கூடாது என்று வேலைக்குப் போகிறவர்கள் சோறு கொண்டுபோகத் தடை. மீன் டின் வாங்கினால் கடைக்காரரே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், வைத்திருந்து கடத்த முடியாமல் கெட்டுப்போகட்டும் என்று. சில இடங்களில் அரிசியை விற்கவே மாட்டார்கள், பொதுச் சமையல் செய்து வெந்த சோறாகத்தான் கொடுப்பார்கள், சோறு மறுநாளே புளித்துவிடும் அல்லவா.

எங்கள் தாத்தா அந்தக் கேட்டில் நின்ற எஸ்.சி. ஒரு நாள் பாட்டியின் பால்வாளியையே திறந்து பார்த்தாராம். பாட்டி அன்று ராத்திரி சோறு போடவில்லை. “தடைதானே, சட்டத்த மீறலாமா?” என்று கேட்டிருக்கிறார். எண்பது வயதிலும் இதைச் சொல்லும்போது பாட்டி முகத்தில் ஒரு வெற்றிக் களை வரும்.

இன்னொரு பக்கம் அம்மா வழி. அம்மாவின் தாத்தா கோலாலம்பூரில் ரயில்வேப் பட்டறையில் இருந்தவர், கணபதியின் பேச்சைக் கேட்டவர். எஸ்.ஏ.கணபதி, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத் தலைவர், அவரும் ஐ.என்.ஏ.வில் இருந்தவர்தான். ரவாங் பக்கத்தில் துப்பாக்கி வைத்திருந்ததாகப் பிடித்து, இந்திய அரசு முறையிட்டும் கேட்காமல், 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். முந்தைய நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனனைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். கணபதியைத் தூக்கிலிட்ட அன்று வீட்டில் சோறு ஆக்கவில்லை என்று அம்மா சொல்வார். வெளியே தெரிந்தால் ஆபத்து என்று வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் புகை மட்டும் வரச் செய்தார்களாம்.

இப்போது புடு சிறை இல்லை. அந்த இடத்தில் பேரங்காடி, மாடி மாடியாகக் கடைகள். பழைய நுழைவாயிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். போன வருசம் மகனுக்குக் காலணி வாங்கப் போனபோது அந்த வாசலைக் காட்டி விசயத்தைச் சொன்னேன். “அப்போ எஸ்.சி. தாத்தா வில்லனா, கணபதி வில்லனா?” என்று கேட்டான். படம் நிறையப் பார்க்கிறான். அடுத்த விடுமுறைக்கு அவனைத் தேசிய நினைவுச் சின்னத்துக்குக் கூட்டிப்போனேன். அவசரகாலம் முடிந்த ஜூலை 31-தான் வீரர் தினம், அந்தச் சின்னம் 1966-இல் எழும்பியது என்றெல்லாம் சொன்னேன். அவன் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

பெரட்டுக்களம்:

மன்னிக்கவும், இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். எங்கள் தோட்டத்தில் காட்டுக்காரர்கள் பஸ்ஸைக் கொளுத்தினார்கள், கிராணியை (தோட்டத்துக் கணக்கரை) கொன்றார்கள். அவர் எந்தத் துரைக்கும் சொந்தமில்லை. எஸ்.சி.க்கள் இல்லையென்றால் எங்கள் அம்மா இருந்திருக்க மாட்டார்.

பட்டர்வொர்த் பேரன்:

பெரட்டுக்களம் அண்ணே, தட்டில் வைக்கவில்லை. காட்டுக்குள் போனவரும் சங்கத்தில் நின்றவரும் ஒன்றல்ல, அதைத்தான் அன்றைக்கு யாரும் பிரித்துப் பார்க்கவில்லை என்பது என் ஆதங்கம். தம்பித் தாத்தா துப்பாக்கியைத் தொட்டதாக யாரும் சொன்னதில்லை. கூலி உயர்வு கேட்டார், கூட்டம் போட்டார். சட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. உங்கள் அம்மாவைக் காப்பாற்றிய அதே சட்டைக்காரர்கள்தான் இவரையும் லாரியில் ஏற்றினார்கள். இரண்டும் நடந்தது.

செந்துல் அக்கா, உங்கள் மகன் கேள்வி எங்கள் வீட்டில் வேறு மாதிரி வந்திருக்கிறது. நாகப்பட்டினத்து உறவுகளிடம் கேட்டுத் தம்பித் தாத்தாவின் படத்தை வாங்கிப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்றேன். பெரியப்பா, “போலீஸ்காரர் வீட்டில் அதை மாட்டுவதா?” என்று ஒரே பிடி. அத்தை குறுக்கே வந்து, “அவரு அனுப்பின பட்டுச்சேலைலதான உன் கல்யாணம் நடந்துச்சு” என்று ஒரு போடு போட்டார். பெரியப்பா இறங்கி வந்துவிட்டார், காக்கிச் சட்டை ஒரு விரற்கடை மேலே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. சரி என்றேன். ஆணி அடித்தாயிற்று.

ஜார்ஜ்டவுன் அண்ணே, அந்தப் பதக்கத்தின் விளிம்பைச் சாய்வாகப் படம் பிடித்துத் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா? அம்மாவுக்குப் பீடோங், சுங்கை லாலாங் பக்கத்துப் பழைய குடும்பங்கள் நிறையத் தெரியும். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அவர்களில் பாதிப் பேர் வந்துவிடுவார்கள், கேட்டுப் பார்க்கிறோம். விற்ற பேரன் அதில் இருந்தால், அம்மா அவனை விட மாட்டார்.