புகைபோக்கி ஓரமாக மழைத்தண்ணீர் இறங்குகிறது, இரண்டு முறை பூசியும் நிற்கவில்லை. எங்கே பார்ப்பது?

ஓட்டுவீடு

வணக்கம். மூன்று மழைக்காலமாக இந்தத் தொல்லை. எங்களுடையது சரிவான ஓட்டுக்கூரை, நடுவில் செங்கல் புகைபோக்கி, கீழே கணப்பு. மழை வலுத்தால் கணப்பு இருக்கும் அறையில், சுவரும் கூரையடிப் பலகையும் சேரும் மூலையில் ஈரம் தெரியும். காய்ந்த பிறகு மஞ்சளாக ஒரு வட்டம், அதன் விளிம்பு மட்டும் பழுப்பு. விரலால் தடவினால் பூச்சு மாவாக உதிர்கிறது.

முதல் வருடம் ஆள் வைத்து உச்சியில் சிமெண்ட் பூசினோம். அடுத்த வருடம் வேறொருவர் அடியைச் சுற்றித் தார் தடவினார். ஆறேழு மாதம் தாங்கியது, பிறகு பழையபடிதான். இப்போது இன்னொருவர் செங்கல் முழுக்க சிலிக்கான் பெயிண்ட் அடித்தால் தீர்ந்தது என்கிறார். அடிக்கலாமா? அம்மா படுப்பது அந்த அறையில். ஓதவாடையில் அவருக்கு இருமல் வந்துவிடுகிறது. இந்த முறையாவது சரியாக முடிக்க வேண்டும்.

சாரல்

பெயிண்ட் இருக்கட்டும், முதலில் சிலது சொல்லுங்கள். எல்லா மழைக்கும் ஒழுகுகிறதா, ஒரு பக்கமிருந்து காற்றோடு அடிக்கும் மழைக்கு மட்டுமா? தொடங்கி எவ்வளவு நேரத்தில் ஈரம் தெரிகிறது? கணப்புக்குள்ளும் சொட்டுகிறதா?

ஓட்டுவீடு

காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஒழுகுகிறது. தூறலுக்கு இல்லை, ஒரு மணி நேரம் விடாமல் பெய்தால்தான். கணப்புக்குள் சொட்டு இல்லை. புகைவழியை மூடித் திறக்கும் இரும்புத் தட்டிலும் துரு இல்லை. பரணில் ஏறிப் பார்த்தேன், புகைபோக்கியை ஒட்டிய கைமரம், அதாவது கூரையைத் தாங்கும் சாய்வு மரம், கறுத்திருக்கிறது.

கரணைக்காரர்

தம்பி, முப்பது வருடமாகக் கொத்துவேலை பார்க்கிறேன். தண்ணீர் நுழைகிற இடம் தெரியாமல் எதையும் பூசாதீர்கள். ஈரம் தெரிகிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு. கைமரத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் ஆறேழு அடி ஓடும். நடுவில் ஓர் ஆணித்தலை குறுக்கிட்டால் அங்கே சொட்டும். நாம் அந்த இடத்துக்கு நேர் மேலே பூசிக்கொண்டிருப்போம்.

நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. மேல்மூடி இல்லாமல் புகைவழியில் மழை இறங்கினால் கணப்புக்குள் சொட்டும், அந்த இரும்புத் தட்டும் துருப்பிடிக்கும். உங்களுக்கு அது இல்லை. செங்கல் இடுக்குக் கலவை கரைந்திருந்தால் பெரும்பாலும் சாரல் அடிக்கும் பக்கம்தான் ஊறும், மழை விட்ட பிறகும் கசியும், வெளியில் உப்புப் பூக்கும். மரம் நனைகிறது என்றால் கூரையும் செங்கல்லும் சேருமிடத்துத் தகட்டைத்தான், பிளாஷிங் என்பார்களே, அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு வேலை தொடங்கக் கூடாது, சோதித்துப் பாருங்கள்.

இரண்டு மூன்று நாள் வெயிலில் எல்லாம் காயட்டும். ஒருவர் ஹோஸ் குழாயோடு மேலே, ஒருவர் டார்ச்சும் சாக்பீஸும் வைத்துக்கொண்டு பரணில். அடியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். உச்சியில் தண்ணீர் விட்டால் அது வழிந்து எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது. முதலில் புகைபோக்கிக்குக் கீழ்ச்சரிவு ஓரம், பிறகு இரண்டு பக்கவாட்டு, அடுத்து மேல்சரிவு ஓரம், பிறகு செங்கல் சுவர், கடைசியாக உச்சிப்பூச்சு. ஒவ்வோர் இடத்திலும் 10 முதல் 15 நிமிடம். பீய்ச்சி அடிக்காதீர்கள், மழைத்தண்ணீர் எப்படி ஓடுமோ அப்படி ஓடவிடுங்கள். பீய்ச்சினால் நல்ல தகட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறிவிடும். உள்ளே முதல் துளி கண்டதும் இடத்தையும் நேரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள்.

ஏணியைக் கட்டாமல் ஏறாதீர்கள். நனைந்த ஓட்டின் மேல் கால் வைக்கவே வைக்காதீர்கள், ஏணியில் நின்றபடியே குழாயை நீட்டினால் போதும்.

சிலிக்கான் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். செங்கல் ஈரத்தை வாங்கி வெளியே விடுகிற பொருள். மேலே தோல் மாதிரி படியும் எதையாவது அடித்தால் உள்ளே போன ஈரம் வெளியேற முடியாமல் செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும். உறைபனி விழும் ஊராக இருந்தால் இன்னும் சீக்கிரம் உடையும். எல்லாப் பழுதும் பார்த்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு வேண்டுமானால் ஆவியை வெளியே விடுகிற சிலேன் சிலாக்ஸேன் வகை நீர்விலக்கி அடிக்கலாம். ஓட்டையை அடைப்பதற்கு அது மருந்து இல்லை.

தகரவேலை

ஐயா சொன்னது சரி. தகட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன். நல்ல பிளாஷிங் இரண்டு அடுக்கு. கீழ்த்தகடு ஒவ்வொரு ஓட்டு வரிசைக்கும் அடியில் படிப்படியாக ஏறிப் போய்ச் செங்கல்மேல் மடங்கி நிற்கும். மேல்தகடு செங்கல் இடுக்குக்குள் 2 முதல் 2.5 செ.மீ. புதைந்து, கீழ்த்தகட்டின் மேல் குடை மாதிரி தொங்கும். இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. மரக்கூரை ஒரு விதமாக அசையும், செங்கல் வேறு விதமாக அசையும். தார் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது, அந்த அசைவில் தாரே விரிசல் விடுகிறது. உங்கள் ஆறேழு மாதக் கணக்கு அதுதான்.

புகைபோக்கி அகலம் என்ன? 75 செ.மீ.க்கு மேல் என்றால் மேல்சரிவுப் பக்கம் தண்ணீரை இரண்டாகப் பிரித்து அனுப்ப ஒரு குட்டி முகடு இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே சருகு சேர்ந்து அணை கட்டிவிடும்.

ஓட்டுவீடு

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அகலம் 90 செ.மீ. குட்டி முகடு கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சானைப் பரணில் உட்காரவைத்துச் சோதித்தோம். கீழ்ச்சரிவில் ஒன்றுமில்லை. பக்கவாட்டிலும் இல்லை. மேல்சரிவில் விட்டு 11வது நிமிடம் மச்சான் குரல் கொடுத்தார். கறை இருக்கும் மூலையிலிருந்து அந்த இடம் கிட்டத்தட்ட நான்கு அடி தள்ளி. கைமரத்தில் ஒரு துளி உருண்டு, நின்று, அடுத்த துளி வந்து சேர்ந்ததும் இரண்டும் சேர்ந்து ஓடியதாம்.

எல்லாம் உலர்ந்த பிறகு தாரைச் சுரண்டி எடுத்தோம். அடியில் மக்கிய சருகு, கறுப்பு மண்ணாக விரற்கடை கனத்துக்குப் படிந்திருந்தது. கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் வருகிறது, மற்றதெல்லாம் உலர்ந்த பிறகும். அதற்குக் கீழே தகட்டில் ஊசிமுனை ஊசிமுனையாகத் துளைகள். மேல்தகடு இடுக்கிலிருந்து கழன்று, நகம் நுழைகிற அளவுக்கு விலகி நின்றது. தார் அதையெல்லாம் நம் கண்ணிலிருந்து மறைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கரணைக்காரர்

நல்லது, இடம் கிடைத்துவிட்டது. தகடு பதிக்கும் முன் இடுக்குகளை 2 செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, தூசி போகத் தண்ணீர் தெளித்துவிட்டுப் பாயிண்டிங் செய்யச் சொல்லுங்கள், அதாவது இடுக்கில் புதுக்கலவை அடைக்கச் சொல்லுங்கள். பழைய மிருதுவான செங்கல் என்றால் சுண்ணாம்புக் கலவைதான் ஏற்றது. கெட்டி சிமெண்ட் வைத்தால் கலவை நிற்கும், செங்கல் போய்விடும். பூசிய பிறகு ஈரச்சாக்கு போட்டு மெல்லக் காயவிடுங்கள்.

உச்சிப்பூச்சையும் பாருங்கள். செங்கல்லோடு ஒட்டி முடிந்திருந்தால் மழையெல்லாம் சுவரிலேயே வழியும். வெளியே 5 செ.மீ. நீட்டி, அடியில் ஒரு காடி எடுத்தால் தண்ணீர் சுவரைத் தொடாமல் அங்கேயே சொட்டிவிடும்.

புதுக்குடி

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் மழையே இல்லாத குளிர்நாளில் புகைபோக்கிச் சுவர் ஈரமாகிறது, பழுப்பாக ஒழுகிக் கறை விழுகிறது. பழைய புகைபோக்கியில் கேஸ் ஹீட்டரை இணைத்திருக்கிறோம்.

சாரல்

அது மழைத்தண்ணீராக இருக்காது. கேஸ் எரியும்போது நிறைய நீராவி உண்டாகும். விறகுக்காகக் கட்டிய அகலமான குளிர்ந்த புகைவழியில் அது மேலே போய்ச் சேருமுன் வியர்த்து, கரியைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. ஹீட்டருக்கு ஏற்ற அளவில் உள்குழாய் போடுவதுதான் வழி. புகை சரியாக வெளியேறவில்லை என்றால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தங்கும், அதற்கு வாடையும் கிடையாது. தெரிந்தவரை அழைத்துச் சோதிக்கும் வரை தயவுசெய்து ஹீட்டரைப் பற்றவைக்காதீர்கள்.

ஓட்டுவீடு

வேலை முடிந்தது. ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களில் உளுத்துப்போன இரண்டை மாற்றி, குட்டி முகடு கட்டி, இரண்டு அடுக்குத் தகடும் புதிதாகப் போட்டார்கள். தகடு இடுக்கில் நுழையும் ஒவ்வோர் இடத்தையும் நானே விரல் வைத்துப் பார்த்தேன். உச்சியையும் ஐயா சொன்னபடி நீட்டிப் போட்டாயிற்று.

நேற்று இரவு நான்கு மணி நேரம் விடாமல் பெய்தது. இரண்டு தடவை பரணில் ஏறிப் பார்த்தேன். மச்சான் சாக்பீஸால் போட்ட வட்டம் அப்படியே உலர்ந்து கிடக்கிறது. சுவருக்குள் இருக்கும் பழைய ஈரம் வடியச் சில வாரம் ஆகும் என்று கொத்தனார் சொன்னதால் வெள்ளை அடிக்காமல் வைத்திருக்கிறோம். அதுவரை அம்மாவின் கட்டிலைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டேன்.