ஆர்மோனியம் பழுதுபார்ப்பவர், பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகம் தேவை

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு வணக்கம். நாங்கள் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் சபை வாலிபர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் லயங்களில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) தனியாக இருக்கும் வயதானவர்களைப் பார்க்கப் போகிறோம். விறகு பிளந்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து கீர்த்தனை பாடுவோம். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கைகளால் தாளம் போட்டபடி, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பாடல்களைப் பாட்டிமார் சரணம் பிசகாமல் பாடுவார்கள். எங்களுக்குத்தான் பல்லவிக்கு மேல் தெரியாது. அவர்கள் இருக்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டும் என்று மனம் கிடந்து தவிக்கிறது.

சபையின் பழைய ஆர்மோனியத்தில் ஈரம் ஏறிக் கட்டைகள் ஒட்டிக்கொள்கின்றன, துருத்தியிலும் காற்றுப் போகிறது. ஹட்டன், நுவரெலியா, கண்டிப் பக்கம் நம்பிப் பழுதுபார்க்கக் கொடுக்கக்கூடியவர் யாராவது இருக்கிறார்களா? கூலி நாங்களே கொடுப்போம். அப்புறம், ராகம், தாளம் குறித்த பெரிய எழுத்துக் கீர்த்தனைப் புத்தகம் உங்களிடம் சும்மா கிடந்தால் தாருங்கள், பழையதானாலும் சரி. பணம் அனுப்ப வேண்டாம். குளிருக்குக் கம்பளி தர விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள், நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம்.