புதுப்பிப்பு: குறிஞ்சிப்பாடி காற்றாடி பழைய இரும்புக்குப் போகவில்லை

பெரியப்பா நிலத்துக் கிணற்றடியில் துருப்பிடித்து நிற்கும் தண்ணீர்க் காற்றாடியைப் பழைய இரும்புக்குப் போடப் போகிறார்கள், அது என்ன ரகம், காப்பாற்ற முடியுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. விற்கவில்லை!

இறக்கைகளை எண்ணினால் ரகம் தெரிந்துவிடும் என்று சொன்னவர் சொன்னது சரி. 12 இறக்கை, சக்கரத்தின் குறுக்களவு 5 மீட்டர். 1980-களில் நாடு முழுக்க அரசுத் திட்டத்தில் நிறுவிய '12 பியூ 500' ரகம்தான். இறக்கைகள் நெருக்கமாக இருப்பதால் லேசான காற்றுக்கே சுற்றத் தொடங்கும். சுற்றுவதை கிராங்க் என்ற வளைந்த தண்டு மேலும் கீழுமாக மாற்றி, நீளக் கம்பி வழியாகக் கிணற்றுக்குள் இருக்கும் பம்பின் பிஸ்டனை இழுக்கும். காற்று மிஞ்சினால் சக்கரம் தானே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

1990-இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்ததும் பெரியப்பா மோட்டாருக்கு மாறிவிட்டார். அப்புறம் 2011 டிசம்பரில் 'தானே' புயல், சக்கரத்தைக் காற்றின் பக்கம் திருப்பும் வாலை வளைத்துப் போட்டது.

இப்போது கோபுரக் கால்களின் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, அரித்த போல்ட்டுகளை மாற்றியிருக்கிறோம். தாங்கிகள் (பேரிங்) கிரீஸ் போட்டதும் அசைந்தன. பம்பின் தோல் வாஷரும் வாலும் பாக்கி. வடகிழக்குப் பருவமழையில் கிணறு ஊறியதும் இறைத்துப் பார்க்கலாம் என்று பெரியப்பாவே சொல்கிறார்.

கடலூர், புதுச்சேரி பக்கம் யாரிடமாவது இதே ரகம் முழுசாக நின்றால், வால் பொருத்தியிருக்கும் கீலைப் படம் எடுத்துப் போடுங்கள். பட்டறைக்காரர் அதற்காகத்தான் காத்திருக்கிறார்.